தேவாங்கு சரிசெய்த வைஃபை

ஒரு காட்டில், யானைகூட வழிகேட்டுக்கொண்டு போக வேண்டிய அளவுக்கு அடர்ந்த காட்டில், ஓர் அத்திமரம் இருந்தது. அதன் அடியில் செங்கமலம் என்ற மலையணில் பொது அலுவலகம் ஒன்றை நடத்திவந்தது. சொந்தமாக ஆபீஸ் போட வசதியில்லாத மிருகங்கள் காலையில் வந்து, ஆளுக்கொரு வேரில் உட்கார்ந்து, லேப்டாப்பைத் திறந்து பிழைப்பைப் பார்க்கும். மான் புடவைகளுக்குப் புள்ளி டிசைன் வரைந்தது. கரடி ஆன்லைனில் தேன் விற்றது. காட்டுப்பன்றி கிழங்கு தோண்டுவது எப்படி என்று வகுப்பெடுத்தது. கரடியின் மூக்கைச் சுற்றி ஓர் ஈ திரியும். அது உறுப்பினரும் இல்லை, அதற்கு வேலையும் இல்லை. ஆனால் ஒரு நாள்கூட லீவு போட்டதில்லை.

அந்தக் காட்டின் ராஜாவான சிங்கம், உடம்பு கனத்துப்போய் வெளியே வருவதை நிறுத்தியிருந்தது. 'வீட்டிலிருந்தே வேட்டை' என்று அதற்குப் பெயரும் வைத்திருந்தது. தினமும் காலை பதினொரு மணிக்குக் குகையில் படுத்தபடியே எல்லாரையும் வீடியோ கூட்டத்துக்குக் கூப்பிடும். ஒருவர் பெயரைச் சொல்லி, "மத்தியானம் நேர்ல வா, பேசணும்" என்னும். அவர் "சரி ராஜா" என்று பதில் சொல்லிவிட்டால் உத்தரவு உறுதி. அப்படிப் பேசப் போனவர்கள் யாரும், என்ன பேசினோம் என்று திரும்பி வந்து சொன்னதில்லை.

ஆனால் ஆறு மாதமாக யாருமே போகவில்லை. வைஃபை அந்த லட்சணத்தில் இருந்தது. சிங்கம் "இன்னிக்கு மத்தியானம்..." என்று ஆரம்பித்ததும் படம் கட்டம் கட்டமாக உடைந்துவிடும். யார் பெயர் வந்தது என்று கேட்காது. கேட்காததற்கு யார் பதில் சொல்வது? சிங்கம் கத்திக் களைத்து, குகை வாசலில் விழுந்து கிடக்கும் பலாப்பழத்தைத் தின்றுவிட்டுத் தூங்கிவிடும்.

இதற்கு அந்த மிருகங்கள் வைஃபைக்குக் கோயில் கட்டியிருக்க வேண்டும். கட்டவில்லை. "என்னம்மா செங்கமலம், நெட்டு இன்னிக்கும் படுத்துடுச்சா?" என்று கரடி தினமும் உறுமியது. "இப்படியே போனா வேற மரம் பார்த்துக்குவோம்" என்றது காட்டுப்பன்றி. பயந்துபோன செங்கமலம், கண்ணுச்சாமி என்ற தேவாங்கை வேலைக்கு வைத்தது.

கண்ணுச்சாமிக்குக் கண் பெரிது, நடை சிறிது. ஒரு கிளையிலிருந்து அடுத்த கிளைக்குப் போவதற்குள் காலைப் பசி மதியப் பசியாகிவிடும். மெதுவாக இருக்கிறாய் என்று மூன்று இடங்களில் ஏற்கெனவே வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். ஆனால் வேலையில் புலி. அப்படிச் சொன்னால் புலி கோபித்துக்கொள்ளும் என்பதால் வேலையில் தேவாங்கு என்றே வைத்துக்கொள்வோம்.

"இதோ பாருங்க கண்ணுச்சாமி, 'தடையில்லா வைஃபை'ன்னு வாசல்ல போர்டு மாட்டிட்டேன். ஒரு தடவை அறுந்தாலும் உங்களை அனுப்பிட்டு வேற ஆளைப் பார்த்துக்குவேன்" என்றது செங்கமலம்.

"ஆகட்டும்மா" என்று சொல்லி முடித்தது கண்ணுச்சாமி. அதற்குள் செங்கமலம் மூன்று பழம் கொறித்துவிட்டது.

ஐந்து நாள் அது மரத்தைச் சுற்றியது. ரௌட்டர் ஒரு வேர்ப்பொந்துக்குள் கிடந்தது. கதகதப்பாக இருக்கிறதென்று காட்டுப்பன்றி அதில்தான் முதுகைச் சாய்த்துக்கொண்டு ஆறு மாதமாகப் பாடம் நடத்தியிருக்கிறது. அந்த உடம்பைத் தாண்டி சிக்னல் எங்கே வெளியே வரும்? கண்ணுச்சாமி ரௌட்டரை நடுக்கிளையில் தூக்கிக் கட்டியது. மரத்தின் மறுபக்கத்துக்கு இன்னொன்று வைத்தது. யார் எந்தப் படத்தை இறக்கினாலும் வீடியோ கூட்டத்துக்கே முதலிடம் என்று அமைத்தது. ஒரு லைன் அறுந்தால் உதவட்டும் என்று அடுத்த மலையிலிருந்து இரண்டாவது லைனும் இழுத்தது. முடித்துவிட்டு அண்ணாந்து பார்த்தபோது அதற்கு மனசெல்லாம் நிறைந்திருந்தது. இனி யாரும் தன்னை அனுப்ப முடியாது என்று நினைத்தது.

ஆறாம் நாள் பதினொரு மணி. திரையில் சிங்கம் வந்தது. பல்லிடுக்கில் சிக்கிய பலாநார்கூடத் தெரிந்தது.

"அடடே! எல்லாரும் பளிச்சுனு இருக்கீங்களே!" என்றது சிங்கம். "மானே, கொஞ்சம் திரும்பு. ம்ம், நல்லா வளர்ந்திருக்கே. இதை யாரு சரி பண்ணினது?"

அலுவலகத்திலிருந்த அத்தனை பாதங்களும் ஒரே திசையில் நீண்டன.

"கண்ணுச்சாமியா? உன்னை நேர்ல பாராட்டணும். நீ வர்ற நடைக்கு இன்னிக்கு ஆகாது. நாளைக்குக் காலைல பேர் சொல்லிக் கூப்பிடுறேன். அதுவரைக்கும் பசியை வச்சிருக்கேன்."

கூட்டம் முடிந்ததும் கரடி வந்து, "வாழ்த்துக்கள் அண்ணே" என்று கையைக் குலுக்கியது. பெயர் தன்னுடையதில்லை என்ற சந்தோஷம் அதன் முகத்தில் வழிந்தது. மான் மட்டும் பாவப்பட்டு, "நாளைக்கு அந்த வயரைப் பிடுங்கிடுங்களேன்" என்றது.

கண்ணுச்சாமி செங்கமலத்தைப் பார்த்தது. "பிடுங்கினா வேலை போயிடும். பிடுங்கலன்னா நீங்களே போயிடுவீங்க. நான் என்னத்தைச் சொல்றது?" என்றது செங்கமலம்.

மறுநாள் கண்ணுச்சாமி வயரில் கை வைத்தது. அவ்வளவு அழகாக முடிச்சுப் போட்ட வயர். பிடுங்க மனசு வரவில்லை. யோசித்து முடிப்பதற்குள் பதினொன்று அடித்துவிட்டது.

"கண்ணுச்சாமி!" என்றது சிங்கம்.

பயம் வந்தால் தேவாங்கு ஓடாது, அப்படியே உறைந்துவிடும். கண்ணுச்சாமியும் உறைந்தது. ஒரு கை மேலே, வாய் பாதி திறந்தபடி, இமைகூட ஆடவில்லை.

"ஹலோ? கேக்குதா? என்னடா, பழையபடி நின்னுடுச்சா?"

செங்கமலத்துக்குப் பொறி தட்டியது. "எல்லாரும் அசையாதீங்க" என்று உதடு பிரியாமல் சொன்னது. மான் பாதி மென்ற தழையோடு நின்றது. காட்டுப்பன்றி கொட்டாவியின் நடுவில் நின்றது. கரடி தேன்பாட்டிலைத் தூக்கியபடி நின்றது. சிங்கம் திரையைத் தட்டியது, குலுக்கியது, ஊதிக்கூடப் பார்த்தது. யாரும் அசையவில்லை.

அப்போதுதான் அந்த ஈ கரடியின் மூக்கில் இறங்கி, நுனியை நோக்கி நிதானமாக நடக்க ஆரம்பித்தது. கரடிக்குக் கண்ணில் நீர் முட்டியது.

சிங்கம் திரைக்கு மிக அருகே வந்தது. "எல்லாரும் நின்னுட்டீங்க, சரி. ஈ மட்டும் எப்படிடா நடக்குது?"

தன் கதை முடிந்தது என்று கண்ணுச்சாமி நினைத்துக்கொண்டது.

"நான் வேற கனெக்‌ஷன் ராஜா" என்றது ஈ.

சிங்கம் ஈயை உற்றுப் பார்த்தது. "அப்படியா? உனக்குத் தடங்கல் இல்லாம வருதா?"

"பிரமாதமா வருது ராஜா. இந்தத் தேவாங்கு போட்டதெல்லாம் ஒரு நாள் கூத்து. வேலை தெரியாதவன்."

கண்ணுச்சாமிக்கு ரத்தம் கொதித்தது. இரண்டாவது லைன் இழுத்தவனைப் பார்த்தா இந்தப் பேச்சு? வாழ்க்கையிலேயே முதல்முறையாக வேகமாக எதையாவது செய்ய வேண்டும் போலிருந்தது. பல்லைக்கூடக் கடிக்க முடியாமல் பொறுத்துக்கொண்டது.

"உன்னை மாதிரி ஆள்தான் எனக்கு வேணும். மத்தியானம் நேர்ல வா" என்றது சிங்கம்.

"சரி ராஜா" என்றது ஈ. உத்தரவு உறுதியானது.

திரை அணைந்ததும் கரடி போட்ட தும்மலில் அரை மரத்துப் பழம் உதிர்ந்தது.

ஈ சொன்னபடி மத்தியானம் குகைக்குப் போனது. சிங்கத்தின் மூக்கில் உட்கார்ந்தது, காதில் உட்கார்ந்தது. சிங்கம் சாயங்காலம் வரை தன் கன்னத்தில் தானே அறைந்துகொண்டது. பிடிக்க முடியாததால் அதை இணையத்துறை அமைச்சராக்கிவிட்டது. அமைச்சரைத் தின்னும் வழக்கம் அங்கே இல்லை. அன்றும் பலாப்பழம்தான். கோபம் தாளாமல் அத்திமர வைஃபைக்கு ஒரே ஒரு நட்சத்திரம் கொடுத்து, 'படுமோசம். பதினொரு மணிக்கு ஒருபோதும் வேலை செய்யாது' என்று காடு முழுக்கத் தெரியும்படி எழுதியது.

மறுநாள் விடிந்ததும் அத்திமரத்தடியில் ஓடைவரைக்கும் வரிசை நின்றது.

"இங்கதானே பதினொரு மணிக்கு நெட்டு வராது?" என்று மூச்சிரைக்கக் கேட்டது ஒரு முயல்.

செங்கமலம் 'தடையில்லா வைஃபை' போர்டைக் கழற்றிவிட்டு, ராஜாவின் ஒற்றை நட்சத்திரத்தைச் சட்டம் போட்டு மாட்டியது. கண்ணுச்சாமியின் வேலை நிரந்தரமானது. தினமும் பத்தரை மணிக்குப் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அசையாமல் நிற்கக் கற்றுக்கொடுப்பதும் அதன் பொறுப்பு. குரங்குக்கு மட்டும் மூன்று வாரம் ஆனது.

மற்ற நேரமெல்லாம் நெட் பறந்தது. அதை வெளியில் சொல்ல முடியாத வருத்தம் மட்டும் கண்ணுச்சாமிக்கு உண்டு. காட்டிலேயே நல்ல வேலைக்காரன், காட்டிலேயே மோசமான பெயர். ஆனாலும் மதியச் சாப்பாட்டை அது சாப்பிட்டது, தானே மதியச் சாப்பாடாகவில்லை.

நீதி: வேலையைச் சுத்தமாகச் செய்யலாம், தப்பில்லை. அது ஒழுங்காக வேலை செய்கிறது என்று மேலிடத்துக்கு மட்டும் தெரியக் கூடாது.