சாக்ஸுக்குள் ஒரு சுவிஸ் கடிகாரம்

இந்தக் கதையை நாலு வருஷமாக நான் முழுசாக நம்பவில்லை. சொன்னவர் பொய் சொல்லுகிறவர் அல்ல. கேட்டவர்கள் எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான் சிரித்தேன். ஆனால் வீட்டுக்கு வந்து, பேச ஆளில்லாமல் உட்கார்ந்து யோசிக்கும்போது ஏதோ ஓர் இடம் இடித்துக்கொண்டே இருக்கும். இடிப்பது கதையா, என் குணமா என்று என்னையே பலமுறை கேட்டுப் பார்த்திருக்கிறேன். முதலில் அவர் சொன்னபடியே சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் குடியேறிய இந்த வெளிநாட்டுப் புறநகரான மனுரேவாவில் நல்லசாமி என்று ஒருவர். ஈரோட்டுக்காரர். வயது ஐம்பத்தேழு. கம்ப்யூட்டர் வேலை. லாக்டவுனில் வீட்டுக்கு வந்த ஆபீஸ், லாக்டவுன் முடிந்த பிறகும் திரும்பிப் போகவில்லை. கம்பெனி சிட்டியிலிருந்த மாடியைக் காலி செய்துவிட்டு, அவருக்கு ஒரு நாற்காலியை மட்டும் அனுப்பி வைத்தது. அதிலேயே அவர் குடியேறிவிட்டார். மகன் அகில் பெர்த்தில். மனைவி ஆனந்தவல்லி, நாலு ஸ்டேஷன் தள்ளி ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ். காலை ஒன்பதுக்கு வீட்டிலிருந்த ஒரே காரை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போவாள். மாலை ஆறுக்குத் திரும்புவாள். நடுவில் ஒன்பது மணி நேரம். அந்த நேரத்தில் அந்த வீட்டில் அவரைக் கூப்பிடுகிற ஒரே ஜீவன் மைக்ரோவேவ்.

அவரிடம் ஒரு சுவிஸ் கடிகாரம் இருந்தது. டீம் லீடர் ஆன வருஷம் சிங்கப்பூர் ஏர்போர்ட்டில் வாங்கியது. ஆபீஸ் போன காலத்தில் லிஃப்டில் நாலு பேர் அதைப் பார்த்தார்கள். வீடியோ காலில் மணிக்கட்டு தெரிவதில்லை. தெரியட்டும் என்று ஒரு மாதம் கன்னத்தில் கை வைத்தபடியே மீட்டிங்கில் உட்கார்ந்தார். பல்வலியா என்று மேனேஜர் விசாரித்ததோடு அதையும் விட்டுவிட்டார்.

அந்தக் கடிகாரம் நிற்க ஆரம்பித்தது. திங்கட்கிழமை ஓடும், புதன்கிழமை படுத்துவிடும். பெரிய சர்வீஸ் சென்டராகப் பார்த்துக் கொடுத்தார். அவர்கள் கேட்ட தொகைக்கு ஓடுகிற பழைய கார் ஒன்று வாங்கியிருக்கலாம். ஆறு வாரம் கழித்து மாப்பிள்ளை மாதிரி மினுமினுத்துக்கொண்டு திரும்பி வந்தது. மூன்றாம் நாள் நின்றது. மறுபடி அனுப்பினார். திரும்பி வந்தது, நின்றது. மூன்றாம் தடவை கடிகாரத்தோடு ஈமெயிலும் வந்தது. ஈமெயில் இருவருக்கும் பொது. ஆனந்தவல்லிதான் முதலில் படித்தாள்.

"ஏனுங்க, கடிகாரத்துல ஒரு குறையும் இல்லியாமா. மெஷின்ல மாட்டி ஒம்பது நாள் ஓட்டிப் பாத்தாங்களாம். கட்டியிருக்கறவங்க கை ஆட ஆடத்தான் உள்ளே தானா முறுக்கேறுமாம்."

"அதுக்கு?"

"கட்டியிருக்கறவரு ஆடறதே இல்லைன்னு மரியாதையா எழுதியிருக்காங்க."

இங்கேதான் நல்லசாமி மாட்டிக்கொண்டார். சர்க்கரை ஏறிக்கொண்டே போகிறது, தினமும் ஒரு மணி நேரம் நடந்தே ஆகவேண்டும் என்று டாக்டர் சொல்லி ஆறு மாதம் ஆகிறது. நடக்கிறேன், நடக்கிறேன் என்று ஆறு மாதமாக மனைவியிடம் சொல்லி வந்தார். சாட்சிக்கு ஷூவில் தோட்டத்து மண்ணைத் தேய்த்து வைப்பார். எங்கே நடப்பது? தெருவில் யாரைப் பார்ப்பது? பார்த்தால் என்ன பேசுவது?

சர்வீஸ்காரன் தன் தப்பை மறைக்கக் கதை விடுகிறான் என்று ஒரே போடாகப் போட்டார். ஆனந்தவல்லி வாக்குவாதம் செய்யவில்லை.

"சரிங்க. இனிமே அது நின்னுதுன்னா நீங்க நடக்கலைன்னு அர்த்தம். எங்க ஹோம்ல பகல்ல மட்டும் வந்து உக்காந்துட்டுப் போற ஏற்பாடு ஒண்ணு இருக்குது. பிங்கோ ஆடலாம். பலூன் தட்டலாம். உங்க பேரை எழுதிக் குடுத்தர்றனுங்க."

சொன்னால் செய்கிறவள். தொண்ணூறு வயதுக்காரர்களுக்கு நடுவில் காகிதத் தொப்பி போட்டுக்கொண்டு பலூன் தட்டும் காட்சி அன்று முழுக்க அவர் கண்ணை விட்டு அகலவில்லை.

மறுநாள் மூளை வேலை செய்தது. ஆனந்தவல்லிக்கு ஓர் இடுப்புப் பை உண்டு. கத்தரிக்கோல், கையுறை, சாவிக்கொத்து எல்லாம் அதற்குள். அதைக் கட்டிக்கொண்டு ஒரு நாளைக்குப் பன்னிரண்டாயிரம் அடி நடக்கிறாள். கடிகாரத்தை ஒரு சாக்ஸுக்குள் போட்டு அந்தப் பையின் பின்னறையில் செருகினார். துவைத்த சாக்ஸில் ஒன்று குறைந்தால் கண்டுபிடித்துவிடுவாள் என்று, முந்தின நாள் கழற்றிய சாக்ஸாகப் பார்த்து எடுத்தார். அவ்வளவு முன்யோசனை. மாலையில் அவள் பையை ஷூ ராக் மேல் வைத்துவிட்டு முகம் கழுவப் போவாள். அந்த இரண்டு நிமிஷத்தில் கடிகாரம் அவர் கைக்கு ஏறிவிடும். அவள் வந்து எட்டிப் பார்ப்பாள். ஓடிக்கொண்டிருக்கும்.

முதல் இரண்டு வாரம் ராஜயோகம். ஜெயித்துக்கொண்டிருப்பது மட்டுமல்ல, தன்னுடையது ஏதோ ஒன்று தினமும் அவளோடு வேலைக்குப் போய்வருகிறது என்பதிலும் அவருக்கு ஒரு நிறைவு இருந்தது.

மூன்றாவது வாரம் ஆனந்தவல்லியிடமிருந்து ஒரு போன். பால் வாங்க இறங்கின இடத்தில் இடுப்புப் பையை ரதிதேவியின் டெய்ரியிலேயே, அதாவது தெருமுனைக் கடையிலேயே, மறந்து வைத்துவிட்டாளாம். அவசரமில்லை, ஹோமில் வேறு பை இருக்கிறது, சாயங்காலம் வரும்போது எடுத்துக்கொள்கிறேன் என்றாள்.

அவளுக்கு அவசரமில்லை. போன மாதம்தான் எவனோ சிகரெட் திருட ஒரு காரையே அந்த டெய்ரிக்குள் மோதவிட்டிருந்தான். நல்லசாமி செருப்போடு ஓடினார். ஒன்றரைக் கிலோமீட்டர்.

ரதிதேவி யாழ்ப்பாணத்துக்காரி. பையில் மாத்திரை ஒன்று எடுக்க வேண்டும் என்று அவர் இழுத்தபோது, ஒன்றும் கேட்காமல் பையை எடுத்து வைத்தாள்.

"ஏன் அண்ணை இப்பிடி மூச்சு வாங்குது? இருங்கோ, தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ. உங்களை இந்தப் பக்கம் கண்டதே இல்லை."

சாக்ஸை மட்டும் எடுத்துக்கொண்டு, பையை அங்கேயே விட்டுவிட்டு வந்தார். தடயம் இல்லை.

இரண்டு நாள் கழித்துப் பை லைப்ரரியில் கிடந்தது. அடுத்த வாரம் பீட்டர் வீட்டில். பீட்டர் மலேசியாக்காரர், மனைவியை இழந்தவர். ஸ்டேஷன் பார்க்கிங் நிரம்பிய நாட்களில் அவர் வாசலில்தான் ஆனந்தவல்லி காரை நிறுத்துவாள். நல்லசாமி சாக்ஸோடு கிளம்பப் பார்த்தார். பீட்டர் விடவில்லை.

"உக்காருங்கலா. தே ஓ போடுறேன், பால் இல்லாத டீ. வீட்ல யாரு காத்துக்கிட்டு இருக்கா?"

யாரும் இல்லை. உட்கார்ந்தார்.

வாரம் மூன்று நாள் பை எங்காவது கிடந்தது. ஒரு நாள் பொட்டானிக் கார்டன் கவுண்டரில். ரோஜாச் செடி பார்க்க இறங்கினாளாம். வேலைக்குப் போகிற வழியில் பொட்டானிக் கார்டன் எப்படி வந்தது என்று அவர் யோசிக்கவில்லை. மறதி வந்தால் வழியும் மாறும் என்று நினைத்துக்கொண்டார்.

ஆமாம், மறதி. அந்த எண்ணம் வந்த பிறகு அவருக்குத் தூக்கம் போனது. மறந்துபோனவர்களைப் பார்த்துக்கொள்வதுதான் அவள் வேலை. இப்போது அவளுக்கே. நாற்காலியில் உட்கார்ந்து மறதியின் அறிகுறிகளைத் தேடித் தேடிப் படித்தார். அவளும் மறந்துவிட்டால் இந்த ஊரில் தன்னை யாருக்குத் தெரியும் என்று நினைத்தார். நினைத்தபோது தெருவில் ஒரு லாரி போனது. அது போய் மறையும் வரை வேறு சத்தமே இல்லை.

பதினோராவது வாரம் மனதைக் கல்லாக்கிக்கொண்டார். அவள் வந்ததும் டீ போட்டுக் கொடுத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"வல்லி, கொஞ்ச நாளா உனக்கு ஞாபகம் தப்புது. பயப்படாத. நான் இருக்கறேன். டாக்டர்கிட்ட போலாம்."

ஆனந்தவல்லி டீயை ஊதி ஒரு வாய் குடித்தாள்.

"மொத நாளு டெய்ரி, செவ்வாக்கெழமை. அப்பறம் வியாழக்கெழமை லைப்ரரி, அது ரெண்டு கிலோமீட்டர். திங்கக்கெழமை பீட்டர் அண்ணன் வீடு, மேடு. பொட்டானிக் கார்டன் மூணு. இன்னும் சொல்லோணுமுங்களா?"

நல்லசாமி கடிகாரம் கட்டிய கையை மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"உங்க சுகர் ரிசல்ட் மத்தியானம் ஈமெயில்ல வந்துச்சு. நல்லா எறங்கியிருக்குது. ஞாபகம் எனக்கு நல்லாவே இருக்குதுங்க. அடுத்த தடவ சாக்ஸை மட்டும் தொவைச்சுப் போடுங்க. மொத நாளே ரயில்ல ஒரு பொண்ணு எந்திரிச்சு வேற பெட்டிக்குப் போயிட்டா."

இவ்வளவுதான் கதை. பிறகு அவர் நடப்பதை நிறுத்தவில்லை. பொட்டானிக் கார்டன் பெஞ்சில்தான் எனக்குப் பழக்கமானார், இதைச் சொன்னதும் அங்கேதான்.

போன மாதம் கோயிலில் ஒருவர் கையில் அதே கடிகாரத்தைப் பார்த்தேன். நின்றுபோயிருந்தது. அவர் என்னோடு பேசிக்கொண்டே பக்கத்துக் குமிழைப் பிடித்து முப்பது சுற்றுச் சுற்றினார். ஓட ஆரம்பித்துவிட்டது. வாங்கும்போதே சொல்லித் தருவார்களாம். இடித்த இடம் எதுவென்று அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. கேட்கலாமா என்று மூன்று வாரம் யோசித்தேன். கேட்டு என்ன ஆகப்போகிறது என்றும் தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை அதே பெஞ்ச். பீட்டருடைய உறவுக்காரர் ஒருவருக்கு நல்லசாமி கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். சாக்ஸ் வந்தது. எல்லோரும் சிரித்து ஓய்ந்து எழுந்து போனார்கள். நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். அப்போது கேட்டேன்.

"அண்ணா, அந்தக் கடிகாரத்துக்கு உங்க நாற்காலியில உட்கார்ந்தபடியே கையால சாவி கொடுத்திருக்கலாமே. அது தெரியாமலா ஒன்பது வாரம் அந்தப் பைக்குப் பின்னால நடந்தீங்க?"

"சாவி குடுத்தா கடிகாரம் மட்டும்தானுங்களே ஓடும்," என்றார்.