உப்புக் கப்பலுக்கு மூன்று கையெழுத்து

நாட்டின் நலன் கருதி, 1997-இல் தாம்பரத்தில் மின்னணு விளையாட்டுப் பரிசீலனை அலுவலகம் நிறுவப்பட்டது. கண்காணிப்பாளராகத் துரைராஜ் பொறுப்பேற்றார். கம்ப்யூட்டர்தான் இன்னும் வந்து சேரவில்லை.

யேசுதாசன் திருமுடிவாக்கம் பட்டறையில் லேத் மெஷின் ஓட்டுகிறவன். பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கிப் போட்டு, புத்தகம் பார்த்தே புரோகிராம் கற்றுக்கொண்டு, மூன்று வருஷம் மெனக்கெட்டு ஒரு விளையாட்டு செய்திருந்தான். உப்பு நாடு உப்பை அனுப்பும், நெல் நாடு நெல்லை அனுப்பும். ஒப்பந்தம் முறிந்தால் போர். ஞாயிற்றுக்கிழமை கம்ப்யூட்டர் கண்காட்சியில் அதை வைத்தால், கம்பெனிக்காரர் எவராவது பார்த்து வேலைக்குக் கூப்பிடுவார். லேத்துக்குக் கும்பிடு போட்டுவிடலாம். வைக்க வேண்டுமானால் தடையில்லாச் சான்று வேண்டும்.

துரைராஜ் அவனுடைய விளக்கக் குறிப்பைப் படித்தார்.

"பட்டனைத் தட்டினா ரெண்டு ராஜாவுக்கும் ஒப்பந்தம் ஆயிடுமா? ஃபைல் எங்க?"

"இன்னா ஃபைல் சார்? ராஜா சார் அவுரு."

"ராஜான்னா? வெளியுறவு டெல்லி சமாச்சாரம்ப்பா. நான் கையெழுத்துப் போட்டா நாளைக்கு என்னைத்தான் கேப்பாங்க."

"அந்த நாடே இல்ல சார்!"

"இல்லாத நாட்டோட ஒப்பந்தமா? இன்னும் மோசம்."

யேசுதாசன் வீட்டுக்குப் போய் விளையாட்டைத் திருத்தினான். இரண்டு ராஜாக்களுக்கும் நடுவே ஒரு குமாஸ்தாவை உட்கார வைத்தான். கப்பல் ஒவ்வொன்றுக்கும் மனு, மூன்று நகல், மூன்று கையெழுத்து. துறைமுகத்தில் காத்திருந்த உப்பு மழையில் கரைந்தது. நெல் மூட்டைக்குள்ளேயே முளைவிட்டது.

திருத்திய குறிப்பைப் படித்துத் துரைராஜ் திருப்தியுடன் தலையாட்டினார். "எல்லாம் சரி. போர் மட்டும் உடனே தொடங்கிடுதே, அது முறையா?"

மறுநாள் அவன் திருத்தத்தில் சேனாதிபதிகளும் டோக்கன் வாங்கிக்கொண்டு வராந்தாவில் நின்றார்கள். அந்த விளையாட்டில் அதன்பின் போரே நடக்கவில்லை. "இதுதான்யா ராஜதந்திரம்!" என்று துரைராஜ் கண் கலங்கினார். சனிக்கிழமை மாலை சான்று கைக்கு வந்தது.

கண்காட்சியில் ராஜாவாக ஆட இரண்டு நாற்காலி, குமாஸ்தாவாக ஆட ஒன்று. ராஜா நாற்காலிகள் இரண்டுக்கும் ஒரு ஈ காக்கா வரவில்லை; ராஜாக்களைக் கம்ப்யூட்டரே ஆடியது. குமாஸ்தா நாற்காலிக்கோ கேட் வரைக்கும் வரிசை. டெலிபோனுக்கு எழுதிப்போட்டு ஆறு வருஷமாக அலையும் பொழிச்சலூர் ஜெயவேலு உட்கார்ந்ததும், அவர் முதுகு தானாக நிமிர்ந்தது.

"சீல் மங்கலா கீது. திருப்பு! இது இன்னாது, தேதி இல்ல? திருப்பு!" இரண்டு நிமிஷத்தில் பதினோரு கப்பல்கள்.

கம்பெனிக்காரர் சம்பந்தம் மெய்மறந்து பார்த்துக்கொண்டிருந்தார். "தம்பி, நாளைக்கே வேலைக்கு வந்துடு. ஆனா ஒண்ணு, அந்த ராஜாக்களை எடுத்துடு."

"அப்ப கப்பலை யார் சார் அனுப்புறது?"

"கப்பலும் வேணாம்ப்பா. திருப்பி அனுப்புறதுதானே ஜனத்துக்குப் புடிக்குது!"

மூன்று வருஷ ராஜ்யங்கள் யேசுதாசன் கண்முன்னே ஒருதரம் வந்து போயின. லேத்தும் வந்தது. சரியென்று தலையாட்டிவிட்டு, கடைசியாக ஒருமுறை ஆடிப் பார்க்கலாமென்று நாற்காலியண்டை போனான்.

"ஏய், யார்ரா நீ? பின்னாடி போய் நில்லு," என்றார் ஜெயவேலு, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அண்ணா, இத செஞ்சதே நாந்தான்ணா."

ஜெயவேலு நிதானமாகத் திரும்பி, அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"அதுக்கு இன்னா அத்தாட்சி?"

வரிசை மொத்தமும், நியாயமான கேள்விதான் என்று தலையாட்டியது.