சித்தப்பா சாகாத சனிக்கிழமை

எங்கள் நாட்டுக்கு விடுமுறையைக் கழிக்க வாருங்கள் என்று பத்திரிகையில் யார் எழுதினாலும் எனக்கு உடம்பு பதறும். எழுதியவர் முன்னால் நின்றால் நாலு கேள்வி கேட்காமல் விடமாட்டேன்.

போன கிழமை என் மூத்த மகள் மங்கை அப்படியொரு பக்கத்தைக் கொண்டுவந்து என் முன்னால் விரித்தாள். வருடம் முழுக்க வெயிலாம். பொன்னிற மணலாம். இரண்டாயிரம் வருடச் சரித்திரமாம். சிரித்த முகத்தோடு வரவேற்கும் மக்களாம்.

"அப்பா, என்னோட படிக்கிற பிள்ளையள் நாலு பேர் லீவுக்குத் திருகோணமலைக் கடலுக்குப் போகினம். நானும் போகட்டோ?"

"இல்லை."

"ஏனப்பா?"

ஏன் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டுதான் கேட்டாள். குசினிக்குள் இருந்து அவளுடைய தாய் பரிமளம் சிரிப்பதும் கேட்டது. பத்து வருடமாக இந்த வீட்டில் அந்தச் சிரிப்பு ஓயவில்லை. என் பக்கத்து நியாயத்தை இன்றுவரை ஒருவரும் கேட்டதில்லை. ஆகவே எழுதுகிறேன்.

அப்போது எனக்கு முப்பத்துமூன்று வயது. எஸ்.எஸ்.சி. பாஸ். (அந்தக் காலத்தில் யாரைக் கண்டாலும் இதைத்தான் முதலில் சொல்வேன்.) கிளாக்கர் வேலைக்கு விண்ணப்பம் போட்டுப் போட்டுக் கை அலுத்து, அரசாங்கம் தந்த வயல்காணியை எடுத்துக்கொண்டு, மனைவி, இரண்டு பிள்ளைகளோடு வன்னியில் உள்ள முரசுமோட்டைக்கு வந்திருந்தேன். சுற்றிவர இருந்தவர்களும் எங்களைப் போல யாழ்ப்பாணத்தில் இருந்து வந்தவர்கள்தான். ஆனால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு ஊர். ஒருவருக்கொருவர் உறவு கிடையாது.

பரிமளம் அராலியில் கடற்கரையோரம் பிறந்து வளர்ந்தவள். நாலு வருடம் பொறுத்தாள். ஐந்தாம் வருடம் தமையனுக்குக் கடிதம் போட்டாள்: வருகிற திங்கட்கிழமை வந்து தன்னையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போகும்படி. லீவுக்கு அல்ல, ஒரேயடியாக. மங்கைக்கு அராலிப் பள்ளிக்கூடத்தில் இடமும் கேட்டாயிற்று.

"நீங்கள் வயலைப் பாருங்கோ, நான் பிள்ளையளைப் பாக்கிறன்" என்றாள். "இஞ்ச எனக்கு ஆர் இருக்கினம்? கதைக்கிறதெண்டால் மாட்டோடதான் கதைக்கவேணும்."

"ஏன், செல்லாச்சி அக்கா இருக்கிறா தானே?"

செல்லாச்சி அக்கா பக்கத்துக் காணிக் கந்தையா அண்ணையின் மனைவி.

"அவா அயல். அயல் வேற, எங்கட சனம் வேற."

மனைவியையும் பிள்ளைகளையும் திங்கட்கிழமை பறிகொடுக்கப் போகிறவன் என்ன செய்யவேண்டும்? மனைவியோடு இருந்து நாலு வார்த்தை கதைக்கவேண்டும். நான் பேப்பர் வாசித்தேன். கருவாடு சுற்றி வந்த ஆங்கிலப் பேப்பர் அது. அதில் ஒரு முழுப் பக்கம், வெள்ளைக்காரர் ஏன் தங்கள் விடுமுறைக்கு இலங்கைக்கு வரவேண்டும் என்று காரணம் காரணமாக எழுதியிருந்தது. கருவாட்டு மணத்தோடு இரண்டு தரம் வாசித்தேன். மூளையில் வெளிச்சம் அடித்தது. வெள்ளைக்காரன் மூன்று கிழமை கப்பலில் வந்து பார்க்கிற கடல், எங்களுக்கு ஒரு பஸ் ஓட்டத்தில் முல்லைத்தீவில் கிடக்கிறது! பரிமளத்துக்குக் கடலைக் காட்டினால் வன்னியிலும் கடல் உண்டு என்று மனம் மாறுவாள். வெள்ளி போய், சனி நின்று, ஞாயிறு திரும்பலாம். தங்குவதற்கு அங்கே என் சித்தப்பா இருந்தார்.

சித்தப்பாவைப் பற்றி ஒன்றை ஒப்புக்கொள்ளவேண்டும். தபாற்கந்தோரில் வேலை பார்த்து இளைப்பாறியவர். மனைவி இல்லை, பிள்ளைகள் கொழும்பில். ஆள் இரும்பு. ஆனால் முரசுமோட்டையில் அவர் நாலு வருடமாகச் சாகக் கிடந்தார். வாய்க்கால் துப்புரவுக்கு ஊரெல்லாம் மண்வெட்டியோடு போகிற நாள்களில் "முல்லைத்தீவுச் சித்தப்பாவுக்குக் கடுமை" என்று சொல்லிவிட்டு நான் எங்கேயாவது மாறிவிடுவேன். ஒருமுறை நெஞ்சுக்குத்து, ஒருமுறை ஈளை, கடைசியாகப் பாரிசவாதம். (எஸ்.எஸ்.சி. படித்தவனுக்கு நோய்களுக்கா பஞ்சம்?)

பயணத்தை ஒருவருக்கும் சொல்லவில்லை. எங்கள் வரிசை வயல்களுக்குக் குளத்துத் தண்ணீர் விடுகிற கிழமை அது. அந்தக் கிழமையில் வயலை விட்டுக் கடல் பார்க்கப் போகிறேன் என்றால் கந்தையா அண்ணை என்னை வரம்பில் நட்டுவிடுவார். திருட்டுத்தனமாக ஒரு நாள் முந்தியே கொஞ்சம் தண்ணீர் கட்டிவிட்டு, மிச்சத்தைக் கடவுளிடம் விட்டேன்.

வெள்ளிக்கிழமை விடிய, வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளிக்கிட்டோம். உப்புத் தண்ணீரில் நல்ல சேலை பழுதாகும் என்று பரிமளம் வெளுத்த பழஞ்சேலை உடுத்திருந்தாள். தோடு, சங்கிலி எல்லாம் கழற்றிப் பெட்டிக்குள் வைத்தாயிற்று. முதல்நாள் சண்டையில் அழுத கண் இன்னும் சிவந்திருந்தது. அவசரத்தில் நான் சவரம் செய்யவில்லை. சத்தம் போடக்கூடாது என்று பிள்ளைகளை வெருட்டியிருந்ததால் அவை வாயை இறுக்க மூடிக்கொண்டு வந்தன.

பஸ்ஸடியில் கந்தையா அண்ணை சைக்கிளோடு நின்றார். எங்களை மேலும் கீழும் பார்த்தார். போகிறவனை எங்கே போகிறாய் என்று கேட்பது எங்கள் ஆட்களுக்கு அபசகுனம். ஆகவே அவர் முறைப்படி கேட்டார்.

"தூரமோ தம்பி?"

"முல்லைத்தீவுக்கு அண்ணை."

அவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு கிட்ட வந்தார்.

"அவசரமோ?"

"ஓம் அண்ணை."

பஸ் வந்தது. ஏறிவிட்டேன். போயிட்டு வாறன் என்று சொல்லவில்லை. சொன்னால் எதற்கு என்று அடுத்த கேள்வி வரும் என்ற பயம். பஸ் திரும்பும்போது பார்த்தேன், மனிதர் தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். வெக்கையாக்கும் என்று நினைத்தேன்.

இனிப் பேப்பர்காரரின் காரணங்களுக்கு வருகிறேன். அவர் சொன்ன வெயில் விசுவமடுவிலேயே தொடங்கிவிட்டது. சின்னவன் செல்வன் பஸ்ஸுக்குள்ளேயே என் மடியில் சத்தி எடுத்தான். சிரித்த முகத்தோடு வரவேற்க வேண்டிய சித்தப்பா எங்களைப் படலையில் கண்டதும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

"டேய், ஆருக்கு என்னடா?"

"ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை சித்தப்பா. கடல் பாக்க வந்தனாங்கள்."

"கடலையோ? அது இஞ்ச தானேடா கிடக்கு. அதைப் பாக்க என்ன கிடக்கு?"

பின்னேரம் சரித்திரம் காட்டினேன். ஒல்லாந்தர் கோட்டை இருந்த இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், ஒரு கல்லில் ஏறி நின்று அரை மணித்தியாலம் பிரசங்கம் செய்தேன். போர்த்துக்கீசர், ஒல்லாந்தர், இங்கிலீசுக்காரர், வன்னி ராசாக்கள் ஒருவரையும் விடவில்லை. பக்கத்துக் கல்லில் ஒரு ஆடு நின்று கேட்டது. பரிமளம் கேட்கவில்லை.

"இதுக்கோ பஸ் ஏறி வந்தனாங்கள்? அராலியில எங்கட கிணத்தடிக் கல்லு இதைவிடப் பெரிசு."

சனிக்கிழமை காலை கடலுக்குப் போனோம். பரிமளம் ஒரு பார்வை பார்த்தாள். "இது என்ன கடல்? ஆளை அடிக்க வாற கடல். எங்கட கடல் இருந்த இடத்தில இருக்கும்."

எனக்கு ரோசம் வந்துவிட்டது. கடலுக்கு நான்தான் பொறுப்பு என்பதுபோல, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு செல்வனைக் கையில் பிடித்தபடி முழங்கால் தண்ணீரில் இறங்கினேன். "பாரும், என்ன செய்யுது? ஒண்டும் செய்யாது" என்று கரையைப் பார்த்துச் சொன்னேன். கடலுக்கு முதுகைக் காட்டியபடி.

அடித்தது. நான் எங்கே, வானம் எங்கே, வேட்டி எங்கே என்று தெரியவில்லை. இதில் சிரிக்க எல்லாம் உண்டு, ஒன்றைத் தவிர. எழும்பியபோது என் கை வெறுங்கையாக இருந்தது. ஒரு மூச்சு நேரம்தான். அதற்குள் கடற்கரையில் பிறந்தவள் ஓடி வந்து, திரும்பி இழுத்துப்போன தண்ணீருக்குள் கையை விட்டுப் பிள்ளையைச் சட்டையில் பிடித்துத் தூக்கிவிட்டாள். அவன் இருமினான், அழுதான், பிறகு சிப்பி பொறுக்கப் போய்விட்டான். நான் இன்னும் அந்த இடத்தில்தான் நிற்கிறேன். இன்றைக்கும் பிள்ளைகள் கடல் என்று வாயெடுத்தால் என் வலது கை தானாக மூடிக்கொள்ளும். அந்தப் பக்கத்தை எழுதிய மனிதர் இதை ஒரு வரி எழுதினாரா? இல்லை. பொன்னிற மணலாம்!

வேட்டி போனது போனதுதான். சால்வையை இடுப்பில் சுற்றிக்கொண்டு சித்தப்பா வீட்டுக்குத் திரும்பினேன். உடம்பெல்லாம் தண்ணீர் வடிய, குடிதண்ணீருக்குக் கொண்டுபோய்ப் பிள்ளைகள் சிப்பி பொறுக்கி நிரப்பிய செம்பை இரண்டு கையாலும் ஏந்தியபடி, தலை குனிந்து நான் முன்னால். ஈரத் தலையை விரித்துவிட்டு, சிவந்த கண்ணோடு பரிமளம் பின்னால்.

ஒழுங்கை முடக்கில் ஒரு லொறி நின்றது. எங்கள் நெல் ஆலை லொறி. அதிலிருந்து முரசுமோட்டையே இறங்கிக்கொண்டிருந்தது.

ஆண்கள் சால்வையை இடுப்புக்கு இறக்கினார்கள். பெண்கள் என்னையும் செம்பையும் கண்டார்கள். "ஐயோ, எல்லாம் முடிஞ்சுது! சாம்பலும் கரைச்சாச்சு! முகம் பாக்கக் குடுத்து வைக்கேல்லையே!" என்று செல்லாச்சி அக்கா தலையில் அடித்துக்கொண்டு ஓடி வந்து பரிமளத்தைக் கட்டிப்பிடித்தார்.

பரிமளம் என்ன நினைப்பாள்? ஊரே லொறி பிடித்து அழுதுகொண்டு வருகிறது. அராலியில் இருந்து தந்தி வந்திருக்கிறது என்று நினைத்தாள். "ஐயோ என்ர அம்மா!" என்று அலறினாள். அதைக் கேட்டுப் பெண்கள் இன்னும் பலமாக அழுதார்கள். மங்கை அழுதாள். யாருக்கு என்று தெரியாமல் நானும் அழுதேன். (ஒப்புக்கொள்கிறேன். எல்லாரும் அழும்போது தனியாக நிற்க ஏலாது.)

சத்தம் கேட்டுச் சித்தப்பா சுருட்டும் கையுமாக வெளியே வந்தார். அவரை எங்கள் ஆட்கள் முன்பின் கண்டதில்லை. கந்தையா அண்ணை போய் அவருடைய இரண்டு கையையும் பிடித்தார்.

"எத்தினை மணிக்கண்ணை முடிஞ்சது?"

"என்ன முடிஞ்சது?"

"சீவன்."

"ஆற்ற சீவன்?"

"இவற்ற சித்தப்பாவின்ர. பாவம், நாலு வருசமாப் பாயில கிடந்த மனிசன்."

சித்தப்பா சுருட்டை வாயில் இருந்து எடுத்தார். "நான்தான் காணும் அவன்ர சித்தப்பா."

அழுகை ஒரேயடியாக நின்றது. பத்து வருடமாக எழுத முயல்கிறேன், அந்த அமைதியை எழுத வரவில்லை.

நான்தான் முதலில் வாய் திறந்தேன். அநியாயம் நடந்தது எனக்குத்தானே? "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே அண்ணை! கேக்காமல் கொள்ளாமல் இப்பிடியோ வாறது?"

கந்தையா அண்ணை என்னைவிடக் கொதித்தார். "செத்தவீட்டுக்குப் போறவனை மறிச்சு ஆர் செத்ததெண்டு கேக்கிறதோ? தோடு இல்லை, சவரம் இல்லை, போயிட்டு வாறனெண்டும் சொல்லேல்லை! தண்ணி விடுற கிழமையில பெண்சாதி பிள்ளையோட ஒரு மனிசன் வேற எதுக்கடா போவான்?"

"கடல் பாக்க" என்றேன்.

"எதுக்கு?"

இரண்டாம் தரம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

சித்தப்பா மட்டும் கோபிக்கவில்லை. லொறியில் வந்தவர்களை விரலால் எண்ணினார். "டேய், பத்தொன்பது பேர்! உண்மையாச் செத்தாலும் எனக்கு இவ்வளவு சனம் வராது. இருங்கோ, எல்லாரும் சாப்பிட்டுத்தான் போகவேணும்."

சாப்பாட்டை அவர்களே கொண்டு வந்திருந்தார்கள். செத்தவீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்று விடியவே எழும்பிச் சமைத்த சோறு, பருப்பு, கத்தரிக்காய். முல்லைத்தீவுக் கடற்கரையில் இருந்துகொண்டு நான் ஒரு துண்டு மீன் காணாமல் மரக்கறி தின்றேன். பேப்பரில் புதுமீன் ஒரு தனிக் காரணம்.

சாப்பிடும்போது கந்தையா அண்ணை பரிமளத்திடம் மெல்லச் சொன்னார்: "பிள்ளை, வீட்டை யோசியாத. மாட்டை அவிழ்த்துக் கட்ட ஆள் விட்டிருக்கு. உங்கட வயலுக்குத் தண்ணி கட்டியாச்சு. என்ர முறையைத்தான் உங்கட பக்கம் திருப்பிவிட்டனான். நீங்கள் துக்கத்துக்குப் போன ஆக்கள் எல்லே."

பரிமளம் கையில் எடுத்த சோற்றை வாய்க்குக் கொண்டுபோகவில்லை. பிறகு அழுதாள். ஒருவரும் சாகவில்லை என்று எல்லாருக்கும் தெளிவாகத் தெரிந்த பிறகு அழுதாள். செல்லாச்சி அக்கா ஏன் என்று கேட்காமல் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார்.

பின்னேரம் அவளும் பிள்ளைகளும் லொறியில் பெண்களோடு ஏறிவிட்டார்கள். நானும் காலைத் தூக்கி வைத்தேன்.

"உங்களுக்கு இன்னும் ஒரு நாள் விடுமுறை கிடக்குது எல்லே" என்றாள் என் மனைவி. "இருந்து கடலைப் பாத்திட்டு வாங்கோ."

லொறி முழுக்கச் சிரித்தது. நான் ஞாயிற்றுக்கிழமை, சித்தப்பாவின் வேட்டியை உடுத்திக்கொண்டு, தனியாகப் பஸ்ஸில் வந்தேன்.

திங்கட்கிழமை அவளுடைய தமையன் வந்தார். இரண்டு றங்குப் பெட்டி பிடிக்கும் என்று கார் பிடித்துக்கொண்டு வந்திருந்தார். பரிமளம் அவருக்குத் தேத்தண்ணி கொடுத்தாள்.

"அண்ணை, நான் வரேல்லை. இஞ்ச எனக்குச் சனம் இருக்கு."

"ஆரடி?"

பக்கத்துக் காணியைக் கையால் காட்டினாள். அங்கே செல்லாச்சி அக்கா எங்கள் மாட்டைத் திட்டிக்கொண்டிருந்தார்.

சந்தோசப்பட வேண்டியவன் நான்தான். பட்டேன். ஆனாலும் இன்றுவரை என் மனம் ஆறவில்லை. வெயில் காட்டினேன், கடல் காட்டினேன், நாலு நூற்றாண்டுச் சரித்திரத்தைக் கல்லில் ஏறி நின்று சொன்னேன். அதில் ஒன்றுக்கும் அசையாதவள், நடக்காத ஒரு சாவுக்குப் பத்தொன்பது பேர் அழுததைக் கண்டு வன்னியில் நின்றுவிட்டாள். என்னால் நின்றாள் என்று ஒருவரும், மரியாதைக்காகவாவது, சொல்வதில்லை.

சித்தப்பா இப்போதும் திடமாக இருக்கிறார். ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் எங்கள் ஊருக்கு வந்து, தன் செத்தவீட்டுக்கு வந்தவர்களை வீடு வீடாகப் போய்ச் சுகம் விசாரிக்கிறார். என் வீட்டுக்குக் கடைசியாகத்தான் வருவார்.

ஊரில் யாராவது உண்மையாகவே காலமானால், கந்தையா அண்ணை சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு வேலியடியில் வந்து நிற்பார். முகத்தில் ஒரு சிரிப்பும் இராது.

"என்ன தம்பி, கடல் பாக்கப் போவமோ?"

பல்லைக் கடித்துக்கொண்டு நானும் சால்வையை எடுப்பேன். இந்தப் பத்து வருடத்தில் ஒரு செத்தவீட்டுக்கும் நான் போகாமல் விட்டதில்லை.