எட்டாவது அடிக்கு ஒரு விண்ணப்பம்

அனுப்புநர்:
கு. திருமுருகன்,
கூட்டுறவுச் சங்க எழுத்தர் (ஓய்வு),
வடக்குத் தெரு, புதுக்கோட்டை மாவட்டம்.

பெறுநர்:
செயல் அலுவலர் அவர்கள்,
பேரூராட்சி அலுவலகம்.

பொருள்: வீட்டின் பின்புறம் விடவேண்டிய காலியிடத்துக்குள் டெக் ஓரடி நீண்டுவிட்டது - விதியைத் தளர்த்தக் கோருதல் - தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் அலுவலகத்தாரும் சுகமாக இருக்க எங்கள் குலதெய்வத்தை வேண்டிக்கொள்கிறேன். எங்கள் சுகத்தைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தத் தாள் போதாது. ஆகவே டெக்கைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

டெக் என்றால் என்னவென்று தாங்கள் கேட்கலாம், நானும் கேட்டேன். எங்கள் ஒரே மகன் ரகுநாத் கனடாவில் இருக்கிறான், அங்கே வீட்டுக்கு வீடு பின்கட்டில் தரையைவிட உயர்த்திக் கூரையில்லாமல் பலகை பாவி வைத்திருப்பார்களாம், அதில் நாற்காலி போட்டுக் காற்று வாங்குவார்களாம். எங்களுக்கு எதற்கு அது என்றால், தெருவில் ரோட்டை மேலே மேலே உயர்த்தியதால் நாங்களும் வீட்டை உயர்த்திக் கட்டினோம், அதனால் மழைத்தண்ணீர் உள்ளே வருவது நின்றது, என் மனைவி சொர்ணம் வெளியே போவதும் நின்றது. போன ஐப்பசியில் படியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்து தகடு வைத்ததிலிருந்து அவளுடைய உலகம் கட்டிலும் அடுப்படியும்தான். வாக்கரைப் பிடித்துச் சமதளத்தில் நடப்பாள், படி இறங்க மாட்டாள். "செயில்ல இருக்கவங்களக்கூட சாயங்காலம் வெளிய விடுவாங்களாம்ல" என்று அவள் மகனிடம் போனில் அழுதாள். அவன் பதறிப்போனான், லீவு போட்டு வருவான் என்று நாங்கள் எதிர்பார்த்தோம். வரைபடம் வந்தது.

அடுப்படிக் கதவைத் திறந்தால் அதே மட்டத்தில் டெக், அகலம் ஏழடி, அதற்குமேல் போனால் விதிப்படி விடவேண்டிய காலியிடத்தில் இடிக்கும் என்று அவனே குறித்திருந்தான். வெல்டிங் ஐயனாரிடம் கொடுத்தேன். கோயில் விசேஷங்களுக்கு மேடை போடுகிறவர், படத்தைப் பார்த்துவிட்டு "நாடகமா, பட்டிமன்றமாங்க?" என்றார். என் மனைவி உட்காருவதற்கு என்றேன், என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு பட்டறையில் தொங்கிய தினசரி காலண்டரைத் திருப்பினார். பின்னட்டையில் மனையடி சாஸ்திரம் இருந்தது. "ஏழடி தரித்திரம்ங்க. எட்டடின்னா நெனச்சது நடக்கும். நான் ஏழடிக்கு ராடு வெட்டுனா நாளைக்கு எனக்கும்ல வந்து சேரும்" என்றார். சொர்ணமும் அதையே பிடித்துக்கொண்டாள். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது, ஆனால் எனக்கு நம்பிக்கை இல்லாத விஷயங்கள்தான் என் வீட்டில் எப்போதும் நடக்கும். டெக் எட்டடியில் எழுந்தது.

இதற்குப் பின் நடந்ததற்கு நான் யாரையும் குறை சொல்ல முடியாது. அக்கம்பக்கத்தில் ஒருவரும் புகார் செய்யவில்லை. வேலி ஓரம் போன ஓணானை எடுத்து நானேதான் வேட்டிக்குள் விட்டுக்கொண்டேன். பணியில் இருந்த காலம் முழுவதும் விதிகளைப் படித்துப் படித்து ரத்தத்தில் ஊறிப்போனதால், டெக்குக்குப் பூசை போடும் முன்னால் தங்கள் அலுவலகத்துக்கு வந்து "ஓரடி கூடிப்போச்சு, பரவாயில்லையா?" என்று கேட்டேன். பரவாயில்லை என்று சொல்லும் அதிகாரம் அங்கே யாருக்கும் இல்லை என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஓவர்சியர் அடைக்கலமேரி அம்மா டேப்போடு வந்து அளந்து பார்த்து, "ஏன் சார், ஏழோட நிப்பாட்டியிருக்கலாம்ல?" என்றார். காரணத்தைச் சொன்னேன். குரலைத் தாழ்த்தி, "எங்க வீட்லயும் ஏழு வைக்கல சார்" என்றார். அப்படியானால் ஆறடியாகக் குறைத்துவிடுங்கள், அதுவும் நல்ல அளவுதான் என்று யோசனையும் சொன்னார். உள்ளே நாற்காலியில் இருந்த சொர்ணத்தின் காதில் அது விழுந்துவிட்டது. "ஆறடி எப்புடியும் ஒரு நா கெடைக்கத்தான் போகுது. அதுக்கு இப்ப என்னங்க அவசரம்?" என்றாள். ஓவர்சியர் அம்மா டேப்பைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்.

உத்தரவு வரும்வரை யாரும் அதன்மீது ஏறக்கூடாது என்று அவர் சொல்லிவிட்டுப் போனதால் அடுப்படிக் கதவைப் பூட்டிச் சாவியை நானே வைத்திருக்கிறேன். அவள் சன்னல் வழியாக டெக்கைப் பார்த்தபடி வெங்காயம் உரிக்கிறாள். அதில் இப்போது தெருநாய் ஒன்று படுத்திருக்கிறது, அதற்கு அனுமதி தேவையில்லை போலும். எனக்குப் பார்க்கவே வயிறு எரிகிறது. ஐயா, பின்பக்கம் வேலிக்கருவை மண்டிய பொட்டல்தான், அந்த ஓரடியால் யாருடைய வெளிச்சமும் காற்றும் மறையாது. அவள் வெயில் படாமல் வெளுத்துப்போயிருக்கிறாள். அவள் ஒரு சாயங்காலமாவது வெளிக்காற்றில் உட்கார வேண்டும், எனக்கு வேறு ஆசை இல்லை. ஆகவே அந்த எட்டாவது அடிக்கு மட்டும் விதியைத் தளர்த்தி அனுமதி வழங்குமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் குழந்தைகள் நன்றாகப் படித்து, நல்ல வேலையில் அமர்ந்து, கூப்பிடு தூரத்திலேயே வாழ வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கு. திருமுருகன்.

பின்குறிப்பு: இதில் கையெழுத்திட்டு மனைவிக்குப் படித்துக் காட்டினேன். "அனுமதி கெடைச்சா ரகு வருவானா?" என்று கேட்டாள். வரமாட்டான், நீ உட்கார்ந்திருக்கிற மாதிரி ஒரு போட்டோ அனுப்பச் சொல்வான் என்றேன். "கெடைக்கலைன்னா?" என்றாள். வீடு அவன் பெயரில் இருப்பதால், உரிமையாளர் நேரில் வந்து விளக்கம் தரவேண்டும் என்று தாங்கள் நோட்டீஸ் அனுப்பலாம் என்றேன். சன்னல் பக்கம் திரும்பி டெக்கைப் பார்த்தாள். பிறகு, "அப்ப குடுக்க வேணாம்னு எழுதுங்க" என்றாள். ஆகவே ஐயா, மேலே எழுதியிருக்கும் எதையும் பொருட்படுத்தாமல் இந்த விண்ணப்பத்தை நிராகரித்து, என் மகனுக்குக் கொஞ்சம் கடுமையாகவே நோட்டீஸ் அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன். அவன் வந்து அம்மாவோடு ஒரு சாயங்காலம் அதில் உட்கார்ந்த பிறகு தாராளமாக இடித்துக்கொள்ளுங்கள்.