தந்தி சாரின் சனிக்கிழமைகள்

ஐதராபாத், செகந்தராபாத் இரண்டு ஊரையும் சேர்த்துச் சொல்கிறேன், வாசலில் வந்து நின்றாலே ஒரு வீட்டை அழ வைத்துவிடக்கூடிய மனிதர் ஒருவர்தான் இருந்தார். பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. தந்தி சார் என்றால் மல்காஜ்கிரி பஸ் கண்டக்டருக்குக்கூடத் தெரியும். "பாவம், இன்னிக்கு எந்த வீடோ" என்றுதான் அவருக்கு டிக்கெட்டைக் கிழிப்பார்.

தந்தி சார் அரசு வழக்கறிஞர் அலுவலகம் ஒன்றில் சட்ட உதவியாளர். நான் எஸ்.எஸ்.எல்.சி.யும் டைப்ரைட்டிங்கும் முடித்து, கர்த்தருடைய கிருபையால் எழுபதுகளில் அங்கே சேர்ந்தவன். அவர் சட்டத்துக்கு உதவியாளர், நான் அவருக்கு உதவியாளர். போலீஸ் அனுப்பும் குற்றப்பத்திரிகையைப் படித்து, சாட்சிகள் சொன்னதை வரிசைப்படுத்தி, எது எந்தப் பக்கத்தில் என்று குறிப்பெழுதிக் கொடுப்போம். அரசு வழக்கறிஞர் அதை வைத்துக் கோர்ட்டில் பேசுவார். தீர்ப்பு வந்ததும் அடுத்த பைல்.

பறிகொடுத்தவர்களுக்கு வழக்கு என்ன ஆயிற்று என்று சொல்லுவது யார் வேலை? எங்கள் ஆபீஸில் யார் வேலையும் இல்லை. தந்தி சார் அதைத் தன் வேலையாக்கிக்கொண்டார். சனிக்கிழமை அரை நாள் ஆபீஸ் முடிந்ததும், தம் கல்யாணத்துக்குத் தைத்த கறுப்புக் கோட்டை மாட்டிக்கொள்வார். கோட்டு கல்யாணத்தன்று இருந்த அளவிலேயே இருந்தது. அவர் அப்படி இல்லை. தீர்ப்பு நகலைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு, மே மாத வெயிலிலும் பஸ் ஏறிவிடுவார். போன வீட்டில் உட்கார மாட்டார். சேதியைச் சொல்லி முடிக்கும்வரை ஒரு வாய் தண்ணீர் வாங்க மாட்டார்.

"முதல்ல முடிவு, அப்புறம் காரணம், அதுக்கப்புறந்தான் தண்ணி" என்பார். "தண்ணிய வாங்கிக் குடிச்சா நல்ல சேதின்னு நெனச்சுக்குவாங்க. கைக்கு அந்த ஆசையக் காட்டறது?" ஐதராபாத் உருது கலந்த தமிழ் அவருடையது; கைக்கு என்றால் எதற்கு.

ஒருமுறை மல்காஜ்கிரியில் வீடு மாறிப் போய்விட்டார். அது பெண் பார்க்க வந்திருந்த வீடு. வாசலில் நின்றபடியே, "மூணு பேரும் விடுதலை. அடையாளத்தைச் சரியா நிரூபிக்க முடியலே" என்று சொல்லிவிட்டார். பெண்ணுக்கு அண்ணன்மார் சரியாக மூன்று பேர். மூவரும் கேசரித் தட்டோடு அங்கேயே நின்றிருந்தார்கள்.

மாப்பிள்ளையின் அப்பா எழுந்து, "எந்தக் கேசுல?" என்று கேட்டார்.

"அடிதடி" என்றார் தந்தி சார். அந்தச் சம்பந்தம் அத்தோடு முடிந்தது.

போலாரத்தில் ஓய்வுபெற்ற ராணுவக்காரர் ஒருவர் கொடுத்த சைக்கிள் திருட்டு வழக்கு, ஆறு வருஷம் இழுத்து, குற்றம் நிரூபணமாகி, அபராதத்தோடு முடிந்தது. சேதி சொல்லப் போனால், கதவைத் திறந்தவனே அந்தத் திருடன். கோர்ட்டுக்கு வந்துபோகும் பழக்கத்தில் இரண்டு பேருக்கும் சிநேகமாகி, பெரியவர் அவனைத் தோட்டவேலைக்கு வைத்துக்கொண்டிருந்தார். "மெதுவாச் சொல்லுங்க சாப், பெரியவர் தூங்கறார்" என்று அவன் கெஞ்சினானாம். தந்தி சார் அவனிடமே முடிவையும் காரணத்தையும் சொல்லிவிட்டு, அவன் கையாலேயே தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு வந்தார்.

அரசு வழக்கறிஞர் ஒருநாள் பொறுமை இழந்து, "இது என்ன ஆபீஸா, போஸ்ட் ஆபீஸா?" என்று கேட்டார்.

"போஸ்ட் ஆபீஸ்ல நல்ல சேதியும் வரும் சார்" என்றார் இவர்.

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். இனிமேல் எழுதப்போவதை எழுத எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

எங்கள் தமிழ்க் கிறிஸ்தவச் சபையில் எஸ்தர் அக்கா என்று ஒருவர். எங்களைப்போலவே திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம். அவர் வீட்டுக்காரர் மல்லாபூரில் ஒரு கிடங்கில் வாட்ச்மேன். வேலையை விட்டு நீக்கப்பட்ட ஒருவன் இரும்புக் கம்பியால் அடித்ததில் இறந்துபோனார். வழக்கு எங்கள் ஆபீஸுக்குத்தான் வந்தது. சாட்சி போதாது என்று கீழ்க்கோர்ட் அவனை விடுதலை செய்துவிட்டது. மேல்முறையீடு செய்யலாம் என்று அரசு வழக்கறிஞர் வாயால் சொன்னார். அதற்கு ஒரு கெடு உண்டு. தீர்ப்பு நகல் வந்ததும் நான் பைலில் சேர்த்து அவர் மேஜைக்கு அனுப்ப வேண்டும். தந்தி சார் அப்போது கண் ஆபரேஷனுக்காக நீண்ட லீவில் இருந்தார்.

நகல் வந்தது சபையின் அறுப்பின் பண்டிகைக்கு முந்தின நாள். ஸ்டால் போடும் பொறுப்பு என்னுடையது. பந்தல்காரன் காத்திருக்கிறானே என்ற அவசரத்தில், அந்த நகலை முடிந்துபோன வழக்குகளின் கட்டோடு சேர்த்துக் கட்டிவிட்டுப் புறப்பட்டேன்.

ஞாயிறுதோறும் சபைக் கோயில் வாசலில் எஸ்தர் அக்கா கேட்பார். "தம்பி, மேல்கோர்ட்டுக்குப் போட்டாச்சா?"

"போட்டாச்சுக்கா" என்பேன். ஒருநாளாவது போய்ப் பார்த்ததில்லை. கேட்டதற்கு ஒரு பதில் வேண்டுமே என்று சொன்னதுதான்.

தந்தி சார் லீவு முடிந்து வந்தார். புதுக் கண்ணாடியில் எவ்வளவு தெரிகிறது என்று சோதிக்க, முடிந்த கட்டுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துப் படிக்க ஆரம்பித்தார். ஆபீஸே சிரித்தது. மூன்றாம் நாள் ஒரு நகலைக் கையில் பிடித்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தார்.

"இது கைக்கு முடிஞ்ச கட்டுல இருக்கு?"

கெடு முடிந்து ஐந்து வாரம் ஆகியிருந்தது. தாமதத்தைப் பொறுக்கச் சொல்லி அவரே உட்கார்ந்து மனு எழுதினார். அரசு வழக்கறிஞரும் மனதார வாதாடினார். மனு தள்ளுபடியானது. எனக்கு ஒரு மெமோ வந்தது. அதைவிட எனக்கு வரப்போகிற ஞாயிற்றுக்கிழமைதான் பயமாக இருந்தது. மாதத்தின் முதல் ஞாயிறு, பலிபீடத்தின் முன் அப்பமும் ரசமும் வாங்கும் இராப்போஜன நாள்; பொய்யை மனதில் வைத்துக்கொண்டு அதை எடுக்கக் கூடாது.

சனிக்கிழமை தந்தி சார் கோட்டைப் போட்டுக்கொண்டு, "வா" என்றார். பஸ்ஸில் நான், அந்த அக்கா வீட்டில் இருக்கக்கூடாது ஆண்டவரே என்று ஜெபித்துக்கொண்டே போனேன். அப்படி ஒரு ஜெபத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் செய்ததில்லை. மல்காஜ்கிரியில் எஸ்தர் அக்கா வீட்டுத் தெருமுனைக் குழாயடியிலேயே தந்தி சார் நின்றுவிட்டார்.

"நீங்க வரலியா சார்?"

"நக்கோ, வேணாம். இது நான் சொல்ற சேதி இல்ல."

"ஆபீஸ்ல காயிதம் தவறிப்போச்சுன்னு சொல்லட்டுமா?"

"ஆபீஸுக்குக் கை இருக்கா? கட்டினது யாரு?"

எஸ்தர் அக்கா ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை பார்த்து வந்தார். அந்த வேலைச் சேலையைக் கஞ்சி போட்டுக் கொடியில் உலர்த்திக்கொண்டிருந்தார்.

"வா தம்பி. உக்காரு, காப்பி போடுதேன்."

"வேண்டாம்க்கா. அப்பீல் இனிமே கிடையாது. கெடு முடிஞ்சுபோச்சு. நான்தான் அந்தக் காயிதத்த வேற கட்டுல வச்சுக் கட்டிட்டேன். போட்டாச்சுன்னு உங்ககிட்டச் சொன்னது பொய்."

சேலையின் ஒரு முனை அவர் கையிலேயே இருந்தது. கஞ்சித் தண்ணீர் காலில் சொட்டியது.

"கோயில் வாசல்ல வச்சுல்லா சொன்ன?"

"ஆமாக்கா."

"கோயில் விட்டதும் நான் நேரே கல்லறைத் தோட்டத்துக்குப் போவேன். போட்டாச்சாம், தம்பி சொல்லிச்சின்னு அவுககிட்டச் சொல்லிட்டு வருவேன். வாரம் தப்பாம சொன்னேன். இப்ப நான் போயி அவுககிட்ட என்னன்னு சொல்ல?"

அவர் வாசலுக்கு வந்து, குழாயடியில் நின்ற கறுப்புக் கோட்டைப் பார்த்துக் கூப்பிட்டார்.

"ஐயா, நீங்க பெரியவுக. இனி ஒரு வழியுமே இல்லியா?"

தந்தி சார் அருகே வந்தார். பக்கம் பக்கமாகக் காரணம் சொல்லும் மனிதர் அன்றைக்கு, "இல்லம்மா" என்று மட்டும் சொன்னார்.

எஸ்தர் அக்கா அழுதார். அவுககிட்ட என்னன்னு சொல்லுவேன் என்று சொல்லிச் சொல்லி என்னைத் திட்டினார். திட்டியதெல்லாம் எனக்குத் தகும். ஓய்ந்ததும் தந்தி சார் தயங்கித் தயங்கிக் கேட்டார். "அவருக்கும் சொல்லணும்னு சொன்னீங்களே. நீங்க போய்ச் சொல்ல வேணாம்மா. அது எங்க வேலை. இடத்தக் காட்டினாப் போதும்."

மூன்று பேரும் கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தோம். ஒரு மரச் சிலுவை, மேலே பெயர். தந்தி சார் செருப்பைக் கழற்றினார். கோட்டுப் பொத்தான்களை எல்லாம் போட்டார். பிறகு கோர்ட்டில் நிற்பவரைப்போல நிமிர்ந்து நின்று, வழக்கு எண், செக்ஷன், கெடு முடிந்த நாள், மனு தள்ளுபடியான காரணம் என்று இங்கிலீஷில் ஒப்பிக்க ஆரம்பித்தார். மூன்று நிமிஷம் போயிருக்கும்.

"ஐயா" என்றார் எஸ்தர் அக்கா மெதுவாக. "அவுகளுக்கு இங்கிலீஷ் தெரியாது."

சொல்லிவிட்டு அவரே லேசாகச் சிரித்துவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

"ஹவ், ஹவ், ஆமா. மன்னிக்கணும்" என்று தந்தி சார் அந்தச் சிலுவையைப் பார்த்துச் சொன்னார். பிறகு முதலிலிருந்து ஆரம்பித்து, ஒன்றையும் விடாமல், எல்லாவற்றையும் தமிழில் சொன்னார். தப்பு எங்க பக்கம் என்ற இடம் வந்ததும் நிறுத்தி, என்னைப் பார்த்தார். அந்த வாக்கியத்தை நான் சொன்னேன்.

மறுநாள் பலிபீடத்தின் முன் முழங்கால் போட இடம் தேடி நின்றேன். எஸ்தர் அக்கா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் கொஞ்சம் தள்ளி, எனக்கு இடம் விட்டார்.

திங்கட்கிழமை தந்தி சார் வழக்கத்துக்கு அரை மணி முன்னதாகவே ஆபீஸ் வாசலில் நின்றிருந்தார். "கோயிலுக்குப் போனியா?" என்றார். போனேன் என்றேன். "சரி, பைலை எடு" என்று உள்ளே போய்விட்டார்.

அவர் காலமாகிப் பல வருஷங்கள் ஆகின்றன. எங்கள் சபையைச் சேர்ந்தவரில்லை. இருந்தாலும் எங்கள் வீட்டு ஜெபத்தில் என் பிள்ளைகளுக்காக ஸ்தோத்திரம் சொல்லி முடித்ததும், அவருக்காகவும் ஒரு ஸ்தோத்திரம் சொல்லாமல் நான் எழுந்திருப்பதில்லை.