ஊசி அண்ணாச்சி வண்டி வாங்கிய விதம்

சைக்கிளை ஓட்டிப் பார்த்து வாங்கியவர்கள் கோடிப் பேர் இருப்பார்கள். தோளில் தூக்கிப் பார்த்து வாங்க வந்தவர் இந்தப் பூமியிலேயே ஊசி அண்ணாச்சி ஒருவர்தான்.

கோவில்பட்டியில் ஒரு பேட்டரி சைக்கிள் கடையில் அப்போது வேலை பார்த்தேன். படுக்கையும் கடையிலேயே, அட்டைப் பெட்டிகள் மேல்தான். நல்ல கனமான அட்டை, குறை சொல்ல முடியாது. அண்ணாச்சி கால்நடை ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு ஓய்வு பெற்றவர். அதன் பிறகும் நாகலாபுரம் பக்கத்துக் கிராமங்களில் ஆடுகளுக்கு வைத்தியம் பார்க்கப் போய்க்கொண்டிருந்தார். மொபெட் செத்துவிட்டது, முட்டியும் தேய்ந்துவிட்டது. சுற்றியது போதும், திருப்பூருக்கு வந்து சும்மா இருங்கள் என்று மகன் சொல்லிவிட்டான். தோதான வண்டி அமையாவிட்டால் திருப்பூர்தான்.

கடையில் அவருக்கு இரண்டு வண்டிகள் பிடித்தன. ஒன்று ரேஸ் சைக்கிள் ஜாதி: மெல்லிய டயர், வளைந்த கைப்பிடி, குனிந்துதான் ஓட்ட வேண்டும். மற்றது அகல சீட்டில் நிமிர்ந்து உட்காரும் கனத்த வண்டி. ஒன்பது நாள் வந்து, சந்தையில் ஆடு பிடிப்பது போலப் பார்த்தார். சீட்டை அமுக்கினார். பேட்டரியில் காதை வைத்தார். சார்ஜ் ஏறும்போது, தீனி எடுக்கிற நேரத்தில் தொந்தரவு செய்யக் கூடாதென்று எங்களை விரட்டினார்.

பத்தாம் நாள் ஒரு சாக்குக் கரிசல் மண்ணோடு வந்தார். கடை வாசலில் கொட்டி, இரண்டு குடம் தண்ணீர் ஊற்றி மிதித்தார். முதலாளியின் முகம் மண்ணைவிடக் கறுத்தது. கரிசலில் மழை பெய்தால் சைக்கிள் மனுசனைச் சுமக்காது. மண் மட்கார்டுக்குள் அடைத்துக்கொள்ள, மனுசன்தான் சைக்கிளைச் சுமப்பான். அதைச் சோதிக்காமல் எப்படி வாங்குவது என்பது அவர் கட்சி. உருட்டினோம். கனத்த வண்டி எட்டடியில் நின்றது. மெலிந்தது பத்தடி.

"ரெண்டும் படுத்துட்டு. இனி எது தோளுக்கு ஏறுதுன்னு பாக்கணும்" என்றார்.

மெலிந்ததை ஆட்டுக்குட்டி மாதிரி தோளில் போட்டுத் தெருமுனை வரை போய் வந்தார். மற்றது முட்டிக்கு மேல் எழும்பவில்லை. முதலாளி பில் புத்தகத்தை எடுத்துவிட்டார். எதற்கும் ஒரு தடவை ஓட்டியும் பார்க்கிறேன் என்று எட்டயபுரம் ரோட்டில் போன மனுசன், முகம் தொங்கித் திரும்பினார்.

"என்ன அண்ணாச்சி, இடுப்பு வலிக்கா?"

"இடுப்பு கெடக்குலே. வழியில ஒரு ஆட்டு மந்தை போச்சு. குனிஞ்சா ரோடுதான் தெரியுது. எந்த ஆடு பின்தங்குதுன்னு தூரத்துலயே பாக்காட்டா, எனக்கு அங்கன என்ன வேலை?"

கனத்த வண்டியை எடுத்தார். சேற்றில் யார் தூக்குவார் என்று கேட்டேன். மழை வரட்டும் என்றார். குரலில் தெம்பு இல்லை.

ஐப்பசியில் மழை பிடித்தது. லீவு நாளில் நாகலாபுரம் பக்கம் பஸ் ஏறிப் போனேன். வண்டி எப்படி ஓடுகிறதென்று பார்க்கப் போவதாக முதலாளியிடம் சொல்லியிருந்தேன். தார் ரோடு முடிகிற இடத்தில் அண்ணாச்சி இறங்கி நின்றார். மூன்று ஆட்டுக்காரர்கள் அங்கே காத்திருந்தார்கள். அவர்களாகவே மருந்துப் பெட்டியோடு வண்டியைத் தோளுக்கு ஏற்றி, காட்டுப்பாதையைத் தாண்டி அடுத்த ரோட்டுக்கு நடந்தார்கள். பின்னால் அவர் கைவீசி வந்தார்.

"ஏலே, சாய்க்காத. பேட்டரிக்குக் கிறுகிறுக்கும்."

பின்சக்கரத்துக்கு ஓர் ஆள் குறைவாக இருந்தது. அந்த மழைக்காலம் முழுக்க, லீவு நாளில் நான் வேறெங்கும் போகவில்லை.