நட்சத்திரம் போட்ட முப்பாட்டனார்

ஒரு காட்டில், குகைகளுக்கெல்லாம் பட்டா கொடுக்கிறோம் என்று தாசில்தார் ஆமையார் முகாம் போட்டார். வரிசையில் முதலில் நின்றது ஹவுண்ட் என்கிற வேட்டைநாய். அதன் நாலு குட்டிகளும் கண் திறந்தது பரம்பரைக் குகையில்தான். பட்டா கிடைக்காவிட்டால் மழைக்காலத்தில் குடும்பமே வெளியே நிற்க வேண்டியதுதான்.

"குகை யாரோடது?" என்றார் ஆமையார்.

"முப்பாட்டன் காலத்துலேர்ந்து எங்களோடதுங்க ஐயா."

"அவர் பேர் என்ன? பேர் இல்லாம ஃபாரம் நகராதுப்பா."

ஹவுண்டுக்கு எங்கே தெரியும்? மொழியியல் படித்த ஆந்தையிடம் ஓடியது. ஆந்தை, ஜெர்மனியிலிருந்து ஹுண்டையும் ஹாலந்திலிருந்து ஹோண்டையும் வரவழைத்தது. மூன்றும் பங்காளிகள். மூன்றும் நாய்கள், ஆங்கிலம், ஜெர்மன், டச்சு மொழிகளில் நாயைக் குறிக்கும் சொற்களே அவற்றின் பெயர்கள். மூன்றையும் குரைக்கவிட்டு, பொதுவாகக் கேட்டதைப் பொறுக்கிக் கோத்து, 'ஹுண்டஸ்' என்று எழுதியது ஆந்தை. முன்னால் ஒரு நட்சத்திரமும் போட்டது.

"இவர்தான் உங்க மூதாதை. தொல்ஜெர்மானியர், உங்க மூணு மொழிக்கும் தாய்மொழி பேசினவர்."

"நட்சத்திரம் எதுக்குங்க?"

"இவரை எழுத்துல யாரும் பார்த்ததில்ல. உங்க மூணு பேரையும் வெச்சு நானா ஊகிச்சேன்னு அர்த்தம்."

காகிதத்தைப் பார்த்ததும் ஆமையார் எழுந்தே நின்றுவிட்டார். "நட்சத்திரமா! இவரோட அப்பா?"

"அவருக்கும் நட்சத்திரம்தான்," என்றது ஆந்தை.

"பெரிய இடம்!" ஆமையார் கோப்புகளைப் புரட்டினார். ஹுண்டஸ் மேல் ஒரு புகார் இல்லை. இறப்புச் சான்றிதழும் இல்லை. "அப்ப ஐயா உயிரோடதான் இருக்கார். அவர் இருக்கும்போது வாரிசுக்கு எப்படிப்பா பட்டா தர முடியும்?"

"நான் கண்ணு முன்னால நிக்கறேனேங்க!"

"அதான் பிரச்சினை. உன் மேல ஏழு புகார் இருக்கு. அவர் அசல். நீ அவரோட திரிபு."

ஹவுண்ட் தானே தேடிப் பிடித்துக் கொண்டுவந்த பாட்டன் ஆயிற்றே!

பட்டா ஹுண்டஸ் பெயருக்குப் போனது. உரிமையாளர் ஊரில் இல்லாததால் குகைக்குக் காவலாள் தேவைப்பட்டது. ஆமையார் மனமிரங்கி ஹவுண்டையே போட்டார். காவல் வாசலோடு சரி, உள்ளே போகக் கூடாது.

முதல் மழை கொட்டியது. நனைந்து நடுங்கிய கடைக்குட்டி, பழக்க தோஷத்தில் குகைக்குள் கால் வைத்தது. ஹவுண்ட் பல்லைக் காட்டி உறுமியது.

"வெளிய வாடா! உள்ள முப்பாட்டனார் தூங்கறார்."

நீதி: வீடு வேண்டுமென்றால் அவசரப்பட்டுப் பிறந்து தொலைக்காதீர்கள், யாராவது உங்களை ஊகிக்கும்வரை பொறுத்திருங்கள்.